சுண்டிய பாலும் இறங்கிய டிகாக்‌ஷனும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் சித்திரை மாதத்து உச்சிவெயிலில் போய்ப் பாருங்கள். துணிக்கடைப் பைகளோடு வந்தவர்கள், திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஜிகர்தண்டா கடை வாசலில் ஒரு கூட்டம் டம்ளரும் கையுமாக நிற்கும். குடித்து முடிக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த டம்ளரில் இருக்கிற பால் அடுப்பேறியது முந்தின இரவு. அதைக் கிண்டியவர் இந்நேரம் வீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். நான் பார்க்கப் போனது அவரை.

போனதற்குக் காரணம் காபி. கோடை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மத்தியானக் காபியை யாரும் சூடாகக் கேட்பதில்லை. டிகாக்‌ஷனில் குளிர்ந்த பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, நாலு ஐஸ் கட்டியை மிதக்க விட்டால் முதல் இரண்டு வாய் நன்றாகத்தான் இருக்கும். பாதி டம்ளருக்குக் கீழே போனால் தண்ணீர். இந்தத் தண்ணீர்த்தனத்தை மறைக்கத்தான் பெரிய காபிக் கடைகள் சாக்லேட் பாகையும் கிரீமையும் குவிக்கின்றன. குளிர்ந்த பாலைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் இனிப்பாக்குகிற வித்தை மதுரையில் காலங்காலமாக இருக்கிறது. அதைக் காபிக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்கத்தான் போனேன்.

கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி இருக்கிறது சமையற்கட்டு. ராத்திரி அங்கே போனேன். ஓட்டுக் கூரை, சிமென்ட் தரை, சுவரோரமாக இரண்டு பெரிய அடுப்புகள். பால் மாஸ்டருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கைலி, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். சட்டை போட்டுக்கொண்டு அந்த ஆவிக்கு முன்னால் நிற்க முடியாது. “அங்கிட்டு நில்லும்மா, தெறிக்கும்” என்று என்னை ஜன்னல் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தார். அதற்கப்புறம் பால் இறங்கும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மாஸ்டரின் வேலை அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது. அதற்காகத்தான் வாய் அகன்ற கடாய்; பரப்பு அதிகமானால் ஆவி சீக்கிரம் போகும். பொங்கி அடங்கியதும் தீயைத் தணித்தார். துடுப்பு கடாயின் அடியைத் தொட்டபடியே ஓரத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து எதிர் ஓரத்துக்கும் போய் வந்தது. ஓரச் சுவரில் ஏடு படியப் படிய அதைச் சுரண்டித் தனியாக ஒரு தூக்கில் சேர்த்தார். அது பாசந்திக்கு. டம்ளரின் மேலே கடைசியாக விழும் அந்த ஒரு கரண்டி, இப்படி விரல் விரலாகச் சேர்ந்ததுதான்.

“அடிபிடிக்கப் போகுதுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“மூக்குக்குத் தெரியிறதுக்கு முந்திக் கைக்குத் தெரிஞ்சிரும்மா. துடுப்பு வழுக்கிக்கிட்டுப் போறது நின்னு, லேசா இழுக்கும். அந்த இழுப்புல தீயைக் குறைக்கணும். வாடை வந்ததுக்கப்புறம் குறைச்சா அம்புட்டுப் பாலும் போச்சு.”

துடுப்பை என்னிடம் கொடுத்து ஒரு சுற்று சுற்றச் சொன்னார். உள்ளங்கையில் அந்த இழுப்பு தெரிந்தது. கனமான, மெல்லிய ஒரு தயக்கம். ராத்திரி முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே நிற்பது என்றால் உடம்பு எவ்வளவு விழித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

வெள்ளையாக இருந்த பால் தந்த நிறமாகி, பிறகு சந்தன நிறத்துக்கு வந்தது. பாலில் இருக்கிற சர்க்கரையும் புரதமும் வெகுநேரச் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வருகிற நிறம் அது. கருகலுக்கு முந்தின அந்த மணமும் அதிலிருந்துதான். 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் பால்சர்க்கரை இருக்கும். பால் பாதியாகச் சுண்டினால் அதே அளவில் அது இரண்டு மடங்காகிவிடும். சில்லென்று இருக்கும் பண்டத்தில் நாக்கு இனிப்பைக் குறைவாகத்தான் உணரும். சுண்டாத பாலில் அதைச் சரிக்கட்டச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டும், அது தொண்டையில் கரிக்கும். சுண்டிய பால் வேண்டிய இனிப்பில் ஒரு பங்கைத் தானே கொண்டுவந்துவிடுகிறது. மாஸ்டர் சர்க்கரையை இறக்குவதற்குச் சற்று முன்னால்தான் போட்டார். முன்னாலேயே போட்டால் அடிபிடிக்கும்.

விடியும் நேரத்தில் இரண்டு பெண்கள் வந்து முறத்தோடு உட்கார்ந்தார்கள். ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினைப் பொறுக்குகிறவர்கள். மங்கலான தேன் நிறத்தில், சில்லுச் சில்லாக இருக்கிற பிசினில் மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும். ஊறப்போடுவதற்கு முன்னால் ஒரு தரம், ஊறி வீங்கிய பிறகு ஒரு தரம் பொறுக்க வேண்டும். ஊறிய பிசின் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அதில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நகத்தால் எடுத்துவிடுகிறார்கள். “ஒரு தூசி போதும்க்கா, குடிக்கிறவரு மண்ணுன்னு நெனச்சுத் துப்பிருவாரு” என்றார் ஒருவர். கையைக் காட்டினார். எந்நேரமும் தண்ணீரில் இருந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பிசினுக்குப் பதிலாகக் கடற்பாசி போடுகிற கடைகளும் உண்டு. அதை நினைத்தால் எனக்குப் பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பிய்த்தெடுக்கிறவர்கள் அவர்கள். அந்தப் பாசிகளிலிருந்து எடுக்கப்படுவதுதான் ‘அகர் அகர்’ என்கிற உறைபொருள். 1986இல் அங்குள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, அவர்கள் முங்குகிற இடமே பிரச்சினைக்குரியதாகிவிட்டது. குளிர்பானத்தின் விலைப் பட்டியலில் இந்தக் கைகளுக்கு இடமே இல்லை என்பது என்னை வெகுநாளாக உறுத்துகிற விஷயம்.

பால் மாஸ்டருக்கும் நாள்கூலிதான். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் வேலைக்குக் குறைவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் கடாய் ஒன்றாகக் குறைந்துவிடும், அப்போது கல்யாணச் சமையலுக்கு உதவியாளாகப் போவார். நின்று நின்று இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. மகனை இந்த வேலைக்கு விடவில்லை என்று அவராகவே சொன்னார்.

காபி விஷயத்தைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. துடுப்பைக் கழுவி மாட்டிவிட்டு யோசித்தார்.

“காபின்னா டிகாஷனும் தண்ணிதானம்மா? நான் ராப்பூரா நின்னு ஓட்டுன தண்ணிய நீங்க டிகாஷன்ல திரும்பக் கொண்டாந்து ஊத்தக் கூடாதுல்ல. பாலு எம்புட்டுச் சுண்டியிருக்கோ, அதுக்கு ஈடா டிகாஷன் கெட்டியா இருக்கணும். ஐஸ் கட்டி போடவே கூடாது.”

எனக்கு வேண்டிய பதில் அதற்குள்ளேயே இருந்தது. அங்கிருந்து காபிப் பொடி அரைக்கிற கடைக்குப் போனேன்.

மதுரைக்காரர்களுக்குக் காபித் தோட்டம் தூரத்துச் சமாச்சாரம் கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்தில் மலை ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. மிளகுக்கொடியும் ஆரஞ்சும் மலைவாழையும் நிற்கிற நிழலில் காபிச் செடி நிற்கும். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அங்கே பழம் பறிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும் என்பதால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள்.

கடையில் வறுக்கிற அண்ணன் டிரம்முக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொட்டை 200 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கியதற்கு அப்புறம் எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதில்தான் கசப்பும் புளிப்பும் தீர்மானமாகின்றன. சின்னக் கரண்டியால் நாலு கொட்டையை வெளியே இழுத்து நிறம் பார்த்தார், ஒன்றைக் கடித்துப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். புகை முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே கொட்டையைத் துழாவி ஆறவிட்டார்.

“சூடா குடிக்கிறதுக்கு எண்பதுக்கு இருபது போதும்க்கா. சில்லுன்னு குடிக்கிறதுக்குன்னா சிக்கரியை முப்பதாக்கிருங்க. ஜில்லுல காபியோட மணம் எந்திரிக்காது, கசப்பும் கனமும்தான் நிக்கும்” என்றார்.

அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். குளிரில் மணம் எழாது என்பது சரி. ஆனால் சிக்கரியைக் கூட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. சிக்கரி ஒரு கிழங்கு வேர். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கம் நிறைய விளைகிறது. நிறமும் திடமும் தரும், காபியின் ஊக்கப்பொருள் அதில் கிடையாது. கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லை வரைக்கும் போகிற பொடிகள் சந்தையில் இருப்பதால், காபி என்றாலே சிக்கரியின் கருகல் இனிப்பு என்று பலருடைய நாக்கு பழகிவிட்டது. சுண்டிய பாலில் ஏற்கெனவே கருகல் இனிப்பு இருக்கிறது. அதன்மேல் சிக்கரியும் ஏறினால் காபி காணாமல் போய்விடும். பீபரிக் கொட்டையைக் கொஞ்சம் கூடுதலாக வறுக்கச் சொல்லி, எண்பதுக்கு இருபதிலேயே அரைத்துத் தரக் கேட்டேன். தந்தார். “கவர் வாயை ஒரு மணி நேரம் மூடாதீங்க, வேர்த்துரும்” என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பினார். அரைத்த சூடு பைக்குள் அப்படியே இருந்தது.

வீட்டில் செய்தது இதுதான். முந்தின ராத்திரி ஒரு தேக்கரண்டி பாதாம் பிசினைப் பெரிய கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கிண்ணம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு வீங்கும். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட் மூன்று, ஒன்றரை லிட்டர். இருக்கிறதிலேயே அகலமான கடாயில் ஊற்றி, பொங்கியதும் தீயைத் தணித்து, அடியைத் தொட்டபடி கிண்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் ஃபோனை எடுக்க முடியாது. ஓரத்து ஏட்டைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். பால் 700 மில்லி அளவுக்குச் சுண்டி, துடுப்பில் பூசினாற்போல் ஒட்டும்போது 75 கிராம் சர்க்கரை போட்டு இறக்கவும். ஆறும்போதும் அவ்வப்போது துழாவ வேண்டும். இல்லாவிட்டால் ஆடை கட்டிக் கட்டி வாயில் தட்டுப்படும்.

டிகாக்‌ஷனுக்கு 50 கிராம் பொடி, கொதித்து இறக்கிய தண்ணீர் 250 மில்லி. பொடியை லேசாக அமுக்கி, தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தவணையாக ஊற்றினால் 150 மில்லி அளவுக்குக் கெட்டியாக இறங்கும். இரண்டாம் டிகாக்‌ஷனை இதில் கலக்கவே கூடாது.

சுண்டிய பாலில் 250 மில்லியை எடுத்து, மூன்று மேசைக்கரண்டி டிகாக்‌ஷனைக் கலந்து, எவர்சில்வர் டப்பாவில் உறைய வைத்தேன். அரை மணிக்கு ஒரு தரம் வெளியே எடுத்து முள்கரண்டியால் அடித்துக் கிளறினால் ஐஸ் துகள் பெரிதாகாது. மதுரைச் சமையற்கட்டில் இதற்கு மரப்பீப்பாயும் கல்லுப்பும் வைத்திருக்கிறார்கள். நொறுக்கிய ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே ஏறக்குறைய 20 டிகிரி வரை இறங்கும். நடுவில் இருக்கிற பாத்திரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருப்பார் ஓர் இளைஞர். சுற்றுவது கடினமாகித் தோள் வலிக்கத் தொடங்கினால் பதம் வந்துவிட்டது என்று கணக்கு.

இனி டம்ளரில் சேர்ப்பது. அடியில் இரண்டு கரண்டி பிசின். அதன்மேல் நன்னாரி சர்பத் அரைக் கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். நன்னாரியும் வேர், சிக்கரியும் வேர்; இரண்டின் மண்வாசமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், அளவு கூடினால் காபியை அமுக்கிவிடும். பிறகு நன்றாகக் குளிர்ந்த பால். அதன்மேல் கரண்டியைச் சாய்த்துப் பிடித்துக் குளிர்ந்த டிகாக்‌ஷனை மெல்ல வழியவிட்டால் அது கலக்காமல் மேலேயே நிற்கும், சுண்டிய பால் அவ்வளவு கனம். காபி ஐஸ்கிரீம் ஒரு உருண்டை, உச்சியில் அந்த ஏடு.

முதல் வாயில் கசப்புதான் வந்தது, கலப்பில்லாத டிகாக்‌ஷன் கசப்பு. அடுத்து பால் ஏறிவந்து அதை மூடியது. பிசின் வழுக்கிக்கொண்டு போன இடத்தில் நன்னாரி மணத்தது. பாதி டம்ளரைத் தாண்டியும் அது தண்ணீராகவில்லை. உருகிய ஐஸ்கிரீமும் பாலும் டிகாக்‌ஷனும் சேர்ந்து, கீழே போகப் போகக் காபி இன்னும் கெட்டிதான் ஆனது.

சுண்டிய பால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், டிகாக்‌ஷனை மட்டும் அன்றன்றைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் மணம் செத்துவிடும். சொன்ன அளவு நாலு டம்ளருக்குச் சரியாக வரும். ஐந்தாவது ஆள் வந்துவிட்டால் பாலில் தண்ணீரை விட்டு நீட்டாதீர்கள், டம்ளரைச் சின்னதாக எடுங்கள்.