மேல ஆளு இருக்கு

ஆச்சி வீட்டுப் புறவாசல் நிலையில் ஒரு கறுப்புக் குடை எப்போதும் தொங்கும். மழைக்குப் பிடிக்கிற குடை வேறு. அது உள்ளே பெட்டிமேல் பத்திரமாக இருக்கும். இது மாட்டுத்தொழுவுக்குப் போகிற குடை. தொழுவின்மேல் கவிந்து நின்ற புளியமரத்தில் தை மாசி மாதங்களில் கிளைக்குக் கிளை நாரைக்கூடு. குடை இல்லாமல் பால் கறக்கப் போனவர்கள் திரும்பிவரும்போது தலையும் தோளும் வெள்ளையடித்துக்கொண்டு வருவார்கள். ஆச்சி அந்த மரத்தைத் திட்டி நான் கேட்டதில்லை. குடையைத்தான் திட்டுவாள், கம்பி உடைந்ததற்காக.

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வரை பஸ், அதற்குமேல் கிடைத்த வண்டி. கோயில், கோபுரம், அருவி என்று ஊரார் பெருமையாகக் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு பெரிய குளம், நாலைந்து தெரு, வேம்பு, புளி, உடைமரம். வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பதுபோல வீட்டுக்கு மேலே நாரை வளர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எண்பதுகளில் எனக்கு அரைப்பரீட்சை லீவும் முழுப்பரீட்சை லீவும் அங்கேதான் கழிந்தன.

காலையில் தாத்தா குளத்தங்கரைக்குக் கிளம்பும்போது நானும் கூடப் போவேன். நடை என்று சொன்னாலும் அதில் பாதி நிற்பதுதான். தெருமுனை வேம்பின் கீழே வந்ததும் தாத்தாவின் நடை தானாகத் தளரும். நான் ஓடினால் பிடரியில் மெல்ல ஒரு தட்டு விழும். "ஏல, மெதுவா நட. மேல ஆளு இருக்கு." பறவை என்று அவர் சொன்னதே இல்லை, ஆள்தான். அண்ணாந்து பார்த்தால் கூட்டின் விளிம்பில் மஞ்சள் மூக்கு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மஞ்சள்மூக்கு நாரை வளர்ந்துவிட்டால் அநேகமாக ஊமை. அலகோடு அலகைத் தட்டுவதுதான் அதன் பேச்சு. குஞ்சுகள்தான் கத்தித் தீர்க்கும். பசிக்குக் கத்தும், வெயிலுக்குக் கத்தும், காரணம் இல்லாமலும் கத்தும். உச்சிவெயிலில் தாய்நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நிற்பதைத் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம். தொண்டையில் கொண்டுவந்த மீனைக் கூட்டில் கக்கும்போது ஒன்றிரண்டு தவறிக் கீழே விழும். அதற்காகவே ஒரு பூனை எங்கள் தொழுவில் குடியிருந்தது. அதைவிடக் கொழுத்த பூனையை நான் பிறகு பார்க்கவில்லை.

தெருவைத் தாண்டினால் கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை நெல். மேற்கே தூரத்தில் நீலமாக மலை. வடகிழக்கு மழையும் மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து குளத்தை நிறைத்த வருஷங்களில் உடைமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இடத்துக்குச் சண்டை போடும். கரண்டிவாயன்கள் ஓரமாகச் சேற்றை அளைந்துகொண்டிருக்கும். தாத்தா மடைக்கல்லில் உட்கார்ந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்ப்பார். இத்தனை பறவைகளின் எச்சமும் கலந்த தண்ணீர் அது. "உரம் போட்டுத்தான்ல வருது" என்பார். கூட்டு மரத்தடி மண்ணையும் கூடை கூடையாக வயலுக்குச் சுமப்பார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையின் வேரில் பாதி பக்தி, பாதி எருக்கணக்கு. அந்தக் கணக்கு இருந்ததால்தான் பக்தி நிலைத்தது என்பது என் எண்ணம்.

கரையில் நின்றால் விடியலில் ஒரு சத்தம் கேட்கும், தூரத்துச் சந்தை இரைச்சல்போல. வரித்தலை வாத்துகள் வயலிலிருந்து குளத்துக்குத் திரும்பும் நேரம் அது. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. பகலெல்லாம் தண்ணீரில் கிடந்து உறங்கும், பொழுது சாய்ந்ததும் வயலுக்கு மேயப் போகும். அவை மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைக் கடந்து வருகின்றன என்று புத்தகத்தில் படித்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தவர்கள் 7000 மீட்டருக்கு மேலேயும் அவை பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு மங்கோலியாவும் தெரியாது, இமயத்தின் உயரமும் தெரியாது. தன் நாற்றை ராத்திரியில் யார் மேய்ந்தார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். டார்ச் விளக்கோடு வரப்பில் போய் நின்று இரண்டு முறை இருமுவார். அதுதான் அவர் விரட்டல். வெடி போட்டால் ஒரு நிமிஷ வேலை. போடமாட்டார், ஊரில் யாரும் போடமாட்டார்கள்.

தீபாவளிக்கே அங்கே வெடி கிடையாது. சின்ன வயசில் எனக்கு அது பெரிய குறை. ஒரு தடவை டவுனிலிருந்து ஓலைவெடிக்கட்டு ஒன்றைப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோனேன். ஆச்சி எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று சாயங்காலம் வரை நான் யாரோடும் பேசவில்லை. பேசாதது நல்லதென்றுதான் ஊர் நினைத்திருக்கும்.

மே மாதத்து நடை வேறு மாதிரி. குளம் வற்றி நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் கிடக்கும், சுற்றிலும் வெடித்த களிமண். மாமாவோடு பனங்காட்டுக்குப் போவோம். பனையேறிகளின் குடிசையான விடிலியின் வாசலில் பனையோலைப் பட்டையில் பதனீர் ஊற்றித் தருவார்கள். மேலே இளம் நாரைகள் பறக்கப் படித்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறி மண் சூடானதும் எழும்பும் காற்றைப் பிடித்து, சிறகை அசைக்காமலே வட்டமிட்டு மேலே போய்விடும் பெரியவை. சிறியவை நாலு அடி எழும்பித் தடுமாறி வேலியில் விழும். விழுந்த குஞ்சைப் பார்த்தவர் எடுத்து மீன் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். எழுதாத விதி அது. மாமா ஒன்றைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பதினைந்து நாள் வைத்திருந்தார். அவர் கையை அது கொத்திய தழும்பு கடைசி வரை இருந்தது. கல்யாண வீடுகளில் அதை நீட்டிக் காட்டிக் கதை சொல்லுவார்.

1994இல் அரசு குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சுமார் 129 எக்டேர். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் பெயர் ஏறியதாக அறிவிப்பு வந்தது. இரண்டுமே நல்ல காரியம்தான். ஆனால் கூடுகளில் பல இன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லை மரத்தில் இருக்கின்றன. வீட்டுக்காரர் அரிவாளை எடுக்காதவரைதான் அவை கூடுகள்.

போன தை மாதம் போயிருந்தேன். ஆச்சி வீடு கைமாறிவிட்டது, புளியமரம் நிற்கிறது. கரைப்பக்கம் ஒரு கார் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், பத்து நிமிஷத்தில் கிளம்பிப் போனார்கள். ஊர்க்காரர் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எதுவும் சொல்லவில்லை. என் பிடரியில் தட்டு விழுந்ததுபோல இருந்தது எனக்கு.

நீங்கள் போவதாக இருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். காரை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நடங்கள். மேடு பள்ளம் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களும் கரைவரை போய்வரலாம். விடியலுக்கு முன்பே கரையில் இருந்தால் வாத்துகள் திரும்புவதைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம், ஒரு பழைய குடை இருக்கட்டும். தெருமுனை வேம்பு வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். மேல ஆளு இருக்கு.