வாங்காத வீடு

‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்று வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றோம். அலைச்சலை விட்டு இளைப்பாறும் இடமும் வீடு. பற்றினை விட்ட நிலையும் வீடு. மாணவர்கள் தலையசைத்துக் குறித்துக்கொள்வர். அதனை விடுவது எத்துணை அரிது என்பதையோ, எம் தம்பி பினாங்கில் வீடு வாங்க முற்பட்டபோதுதான் யாம் உணர்ந்தோம்.

எம் ஊர் கீழக்கரை. எம் போன்ற குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு மணம் முடிக்கும்போது வீடும் கொடுப்பர். மணமகன் அங்குச் சென்று வாழ்வான். எனவே எம்மூர் ஆண்மகன் கடல் கடந்து பொருளீட்டுவான்; உடன்பிறந்தாளுக்கும் மகளுக்கும் வீடு கட்டுவான்; தனக்கென ஒரு வீட்டை விலை பேசிய பழக்கம் அவனுக்கு இராது. தம்பியும் அத்தகையவனே. துபாயில் பதினாறு ஆண்டுகள் கழித்துவிட்டுப் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பகுதியில் பொறியாளராகச் சேர்ந்தான். “இனி இங்கேயே இருந்துவிடலாம் காக்கா, வாடகை கொடுத்து மாளவில்லை” என்று எம்மை அழைத்தான். பொங்கல் விடுமுறையில் சென்றோம்.

பினாங்கு நமக்கு அயலூர் அன்று. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. அதனை எழுப்பியவர் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன். அருகிலுள்ள சூலியா வீதி நம்மவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. தொழுதுவிட்டு வெளியே வந்தால் தமிழ் கேட்கின்றது. ஊர் நமதே என்னும் இந்த நினைப்புத்தான் எம் கண்ணை மறைத்தது.

பன்னிரண்டாம் மாடியில் ஓர் இல்லம். சன்னலைத் திறந்தால் கடல். வெள்ளை வண்ணம் புதிதாகப் பூசியிருந்தனர். சனவரி மாதம் பினாங்கில் மழை குறைவு, நல்ல வெயில். காற்று வருகின்றதா, குடிநீர் உப்புக் கரிக்கின்றதா என்பவைதாம் எம்மூர்ச் சோதனைகள். இரண்டிலும் அவ்வில்லம் தேறியது. “பேசி முடித்துவிடு” என்று சொன்னவர் யாமே.

விலைதான் இடித்தது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அயல்நாட்டார் அங்கு வீடு வாங்க மாநில அரசின் இசைவு வேண்டும். 2014 முதல் நடுவண் அரசின் வழிகாட்டுதல், அயலார் வாங்கும் வீட்டின் விலை 10 இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையலாகாது என்கின்றது. மாநிலந்தோறும் இவ்வரம்பு வேறுபடும். உள்ளூரார் வாழும் எளிய வீடுகளை அயலாருக்கு விடாமல் காக்கும் ஏற்பாடு இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தம்பியின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தும் அந்த எல்லையைத் தொடவில்லை. மிஞ்சியது கீழக்கரையில் அவன் மனைவிக்குப் பெற்றோர் கொடுத்த வீடு. அங்கே அவருடைய தாயார் வாழ்கின்றார். விற்பனைப் பத்திரத்திற்கு வரைவு எழுதுமாறு தம்பி வேண்டினான். தமிழாசிரியர் ஆயிற்றே, நன்றாகவே எழுதிக் கொடுத்தோம்! மாமி எங்கே போவார் என்று அந்த வரைவில் ஓரிடத்திலும் யாம் எழுதவில்லை.

தம்பி மனைவி மறுப்பேதும் சொல்லவில்லை. “மழையில் ஒரு முறை நான் பார்க்கிறேன், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார். தரகர் அவசரப்படுத்தினார், தம்பி எரிச்சலுற்றான். அவர் அசையவில்லை. அக்டோபரில் தாயாரையும் அழைத்துக்கொண்டு பினாங்கு சென்றார். அந்த இல்லம் அதுவரை விற்காமலே கிடந்தது.

அன்று காலை முதல் அடைமழை. கதவு திறந்ததும் உள்ளே ஈர வாடை. மாமி நேரே சென்று சுவரலமாரியைத் திறந்தாராம். பின்பலகை முழுவதும் கரும்பூஞ்சை. கூரையின் மூலையில், வெள்ளை வண்ணத்தை ஊடுருவிக்கொண்டு பழுப்பு நீர்த்தடம். சன்னல் சட்டத்தின் வழியே நீர் கசிந்துகொண்டிருந்தது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் எம் கடற்கரையில் வீட்டுக்குப் பகை உப்பும் வெயிலும். மாதந்தோறும் மழை காணும் நாட்டிலோ ஈரமே பகை என்பதை, நூல் பல கற்ற யாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பின் தாள்களையும் அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். அது நிலையுரிமை மனையன்று. 99 ஆண்டுக் குத்தகை. அதில் முப்பதுக்கு மேல் கழிந்திருந்தது. குத்தகை முடிந்தால் நிலம் மாநில அரசைச் சேரும். நீட்டிக்கத் தனிக் கட்டணமும் அரசின் இசைவும் வேண்டும். ஆண்டு குறையக் குறைய வங்கியும் கடன் தரத் தயங்கும். மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வேறு. இவற்றையெல்லாம் தம்பி ஓரளவு அறிந்தே இருந்தான். அவன் விடை சொல்ல இயலாத கேள்வியை அவர் இறுதியில் கேட்டார். “உங்கள் வேலை போனால் நாம் இங்கே இருக்கலாமா?”

இருக்க இயலாது. வீட்டின் உரிமை வேறு, நாட்டில் வாழும் உரிமை வேறு. தம்பியின் அனுமதிச் சீட்டு அவன் வேலையோடு கட்டுண்டது. வேலை நின்றால் வீடு அவனுடையதாகவே இருக்கும்; அவன்தான் அங்கு இருக்க மாட்டான். “கீழக்கரை வீட்டில் நான் இருக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்” என்றாராம் அவர். தம்பி அன்றிரவே எமக்குப் பேசினான். நெடுநேரம் இருவரும் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம்.

இப்பொழுதும் தம்பி குடும்பத்தோடு பினாங்கில் வாடகை வீட்டில்தான் வாழ்கின்றான். வாடகை மாளவில்லை என்று இன்றும் குறைபட்டுக்கொள்கின்றான். மாமி தம் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கின்றார். எம்மைக் கண்டால் தேநீர் தராமல் அனுப்புவதில்லை. அந்த வரைவு எம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. விடுமுறைக்கு வந்த தம்பி மனைவி அதனைக் கேட்டு வாங்கினார். கிழித்துப் போடுவார் என்று எண்ணினோம். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலை அதில் எழுதிக் கடைக்குக் கொடுத்தனுப்பினார்.