டப்பாவுக்குள் இருந்த கம்பி

கண்ணிச் சுருக்கு கட்டுவது எப்படி என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனைமலைப் பக்கம் நடைக்கு அழைத்துப்போனவர்களுக்கு, சட்டைப் பையில் அடங்கும் தகர டப்பா ஆளுக்கொன்று கொடுத்தேன். உள்ளே பித்தளைக் கம்பி, தூண்டில்முள், நரம்பு, தீக்குச்சி, பிளேடு, பொட்டாசியம் பெர்மாங்கனேட். பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையில் இருந்த ஜான் வைஸ்மேன் எழுதி 1986இல் வெளியான கையேட்டைப் பார்த்துச் சேர்த்தவை.

ஒரு பொருள் பல வேலைக்கு ஆக வேண்டும். சின்ன டப்பாவில் அதுதான் சட்டம். பெர்மாங்கனேட் தண்ணீரைச் சுத்தமாக்கும், புண் கழுவ உதவும், கிளிசரினோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். கம்பியையும் இதே கணக்கில் சேர்த்தேன். அறுந்த செருப்பைக் கட்டலாம், பைக் கிழிசலை இழுத்துப் பிணைக்கலாம், முயல் பிடிக்கலாம். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசிப் பயன்தான். மற்ற இரண்டுக்கும் நைலான் கயிறே போதும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எனக்குத் தெரியாததல்ல. கண்ணி வைப்பதை அது வேட்டை என்கிறது. கண்ணியும் கொக்கியும் அதில் ஆயுதங்கள். அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தெரிந்தேதான் கொண்டுபோனேன். உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் புதர் புதராகக் குனிந்து தேடி அகற்றுவது இதே சுருக்கைத்தான். காட்டுப்பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். திமிறத் திமிறக் கம்பி இறுகிச் சதைக்குள் இறங்கும்.

வழி தவறியவர் ஓரிரவுப் பசியில் சாவதில்லை. மலையில் நனைந்த உடம்போடு காற்றில் கிடந்தால் சில மணி நேரத்திலேயே குளிர் ஆளைச் சாய்த்துவிடும். அதற்கென்றே அலுமினியப் பூச்சுப் போர்வை இருக்கிறது. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். உடம்புச் சூட்டை வெளியே விடாது, மழையைத் தடுக்கும், குழியில் விரித்தால் மழைநீர் பிடிக்கும், வெயிலில் அசைத்தால் தூரத்தில் இருப்பவர் கண்ணில் படும். பல வேலைக்கு ஆகும் பொருள் என்றால் இதுவல்லவா? கம்பிச் சுருளுக்கு இடம் வேண்டுமென்று இதை விட்டேன். ஊதுவதற்கு மட்டுந்தானே ஆகும் என்று விசிலையும் விட்டேன். மும்முறை ஊதினால் உதவி கேட்கிறார் என்று பொருள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் விசில் கேட்கும்.

காட்டில் பிடித்துத் தின்று பிழைக்கத் தெரிந்தவன் என்று பிள்ளைகள் என்னை நினைக்க வேண்டும் என ஆசைப்பட்டேன். சுருக்கு கட்டிக் காட்டும்போது அவர்கள் வியந்து பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. விசிலைக் காட்டியிருந்தால் யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிலரை அழைத்துச் சொல்லிவிட்டேன். எல்லோருடைய எண்ணும் என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது அந்த டப்பா இருந்தால், கம்பியையும் தூண்டில்முள்ளையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் விசிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வையுங்கள். போர்வையைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுத்த சுருக்கை வேறு யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.