கிணற்றுக்கு ஏற்ற மோட்டார்

கோயம்புத்தூர் கணபதியில், வார்ப்படப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்த ஷெட். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு மர மேசை. அதன்மேல் உயிர்விட்ட டர்போக்கள் இருபதுக்கும் மேல். பெரும்பாலும் லாரியிலிருந்தும் வாடகைக் காரிலிருந்தும் வந்தவை. பட்டறைக்காரர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஷாஃப்ட்டைப் புடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாருங்க."

டக், டக் என்று நகர்ந்தது. நல்ல டர்போவில் அந்த அசைவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டயல் கேஜ் வைத்தால்தான் தெரியும். இதில் விரலுக்கே தெரிந்தது. கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசி, ஓரமெல்லாம் பளபளத்துச் சுருண்டிருந்தன.

"இது லாரியோடது இல்லீங்க, காரு. எஞ்சினுக்குப் பொருந்தாத பெரிய டர்போ. காத்து திரும்பத் திரும்ப எதிர்த்து அடிச்சு த்ரஸ்ட் பேரிங்கு போயிருச்சு."

எஞ்சின் வெளியே தள்ளும் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் எஞ்சினுக்குக் காற்றைத் திணிப்பது என்பது ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை. யோசனை எளிது. எந்த எஞ்சினுக்கு எந்த டர்போ என்பதில்தான் கஷ்டமெல்லாம். பட்டறைக்காரர் அந்த வித்தையைப் படித்த இடம் ஒரு பம்புசெட் கம்பெனியின் சோதனைக்கூடம். கோவையில் இது எனக்கு வியப்பாக இல்லை. எத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு மோட்டார் தேர்வு செய்யும் ஊர் இது.

நான் இருந்தபோதே ஒரு இளைஞர் வந்தார். 1.8 லிட்டர் பெட்ரோல் கார். "பெருசாவே ஒண்ணு போட்டுருங்கண்ணா."

"போட்ரலாம். எங்க ஓட்டுவீங்க தம்பி?"

"தினமும் அவிநாசி ரோடு. மாசத்துல ரெண்டு தடவை ஊட்டி. எப்பவாவது செட்டிப்பாளையம் ட்ராக்."

பட்டறைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார். 6,500 சுற்றில், ஒரு பார் பூஸ்ட்டில், அதாவது வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில், அந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ காற்றை இழுக்கும். டர்போ அட்டவணைகள் பேசும் கணக்கில் 25 பவுண்ட். ஒரு பவுண்டுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்பது தொழிலில் புழங்கும் கைக்கணக்கு, ஆக 250.

பிறகு பெரிய டர்போவின் கம்ப்ரஸர் மேப்பை விரித்தார். கிடையாகக் காற்றின் அளவு, மேல்நோக்கி அழுத்த விகிதம். நடுவே மலை வரைபடம் போல வளையங்கள். உள்வளையத்தில் சக்கரம் செலவழிக்கும் உழைப்பில் பெரும்பகுதி அழுத்தமாகிறது. வெளியே போகப் போக அது வெறும் சூடாகிறது. சூடான காற்றால் எஞ்சினுக்குள் எரிபொருள் தானாக வெடித்துத் தட்டும், அதாவது நாக்கிங். இடது ஓரத்தில் ஒரு சாய்ந்த கோடு, சர்ஜ் கோடு. 2,500 சுற்றில் அதே பூஸ்ட் வேண்டுமென்றால் எஞ்சின் வாங்குவது 10 பவுண்டுக்கும் குறைவு. பென்சில் புள்ளி கோட்டுக்கு இடப்பக்கம் விழுந்தது. தள்ளிய காற்று போக வழியில்லாமல் திரும்பி வந்து சக்கரத்தையே அடிக்கும் இடம் அது. மேசையில் கிடந்த டர்போவின் சாவுக்குக் காரணம் அந்தத் தாளில் அப்படியே தெரிந்தது.

"அப்ப சின்னதே போதுமாண்ணா?"

இங்கேதான் ஊட்டி வந்தது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,200-க்கு மேல். அங்கே காற்று மெலிது. கீழே கிடைத்த அதே அழுத்தத்தை எஞ்சினுக்குள் கொடுக்க, இங்கே 2 ஆக இருந்த அழுத்த விகிதம் அங்கே 2.5 ஆக வேண்டும். சின்ன டர்போவின் மேப்பில் அந்தப் புள்ளி வலது மேல்மூலைக்கு ஓடி, தாளின் கடைசி வளையத்தையும் தாண்டியது. அதாவது தண்டு அதன் எல்லைக்கு மேல் சுழலும்.

"கிணத்துல ஐப்பசித் தண்ணியப் பாத்து மோட்டார் வாங்கக் கூடாதுங்க. சித்திரைல மட்டம் எங்க போகுதுன்னு பாக்கோணும்."

கடைசியில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. புகை நுழையும் டர்பைன் பக்கக் கூட்டில் மட்டும் குறுகிய வாயுள்ளதைத் தேர்ந்தார். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதைப் போல, குறைந்த சுற்றிலேயே புகை வேகமெடுத்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். உச்சச் சுற்றில் அதே குறுகல் மூச்சை அடைக்கும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ட்ராக்கின் நேர்பாதையை அந்தக் கார் வருடத்தில் எத்தனை நாள் பார்க்கப்போகிறது?

பின்னால் ஓர் உதவியாளர் பழைய டர்போ ஒன்றை பேலன்ஸ் செய்துகொண்டிருந்தார். சக்கரத்தின் மூக்கிலிருந்த நட்டில் ஒரு சிட்டிகை உலோகத்தைத் தேய்த்தெடுத்து, மீண்டும் ஓடவிட்டு, திரையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்த்தார். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும் தண்டு. அந்தத் துகள்கூட அதை ஆட்டிவிடும். ஒரு நட்டுக்காக அவர் முக்கால் மணி நேரம் தலை நிமிரவில்லை.

இளைஞருக்கு முகம் முழுதாகத் தெளியவில்லை. "மேல் சுத்துல பவர் கொறையுமாண்ணா?"

"கொஞ்சம் கொறையும். ஆனா கல்லாறு தாண்டி மொத கொண்டை ஊசில, ரெண்டாவது கியர்ல மிதிச்சதும் வண்டி எந்திரிக்கும் பாருங்க" என்றபடி, புள்ளி வைத்த தாளை மடித்து இளைஞரின் சட்டைப் பையில் செருகினார்.