நாலு டிக்கட்

கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இடப்பக்கம் களப்பு, வலப்பக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். ஆனால் பஸ்ஸில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே தெரிவதில்லை. தென்னைகளும் வெங்காயத் தோட்டங்களும் மறைத்துவிடும். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி மட்டும் நெடுந்தூரம் கூடவே வரும். பாலாவி உப்பளங்களைக் கண்டதும் எல்லோரும் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். இனிப் புத்தளம்தான்.

சமூகப் பணி நிமித்தம் இந்த வீதியில் அடிக்கடி போய்வருகிறேன். அன்று என் பக்கத்தில் எழுபதைக் கடந்த ஓர் உம்மாவும் அவரின் பேத்தியும் இருந்தார்கள். நீரிழிவு கிளினிக்குக்காகப் புத்தளம் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். கண்டக்டர் வந்ததும் உம்மா காசுடன் முதியோர் அடையாள அட்டையையும் நீட்டினார். இளம் பிள்ளை அவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

“உம்மா, இதுக்கு பஸ்ஸில குறைக்கிறதில்ல. சின்னப் புள்ளைகளுக்குத்தான் அரை டிக்கட்.”

“நானும் இப்ப சின்னப் புள்ளதானே மகன், ஆள் இல்லாம எங்கயும் போக ஏலாதே!”

பஸ்ஸே சிரித்தது. காசு என்னவோ முழுதாகத்தான் போனது.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2000இல் வந்தது. 60 வயது நிரம்பியவர்கள் பிரதேச செயலகத்தினூடாக இந்த அட்டையைப் பெறலாம். அரச அலுவலகத்திலும் வங்கியிலும் வரிசையில் நிற்காமல் முன்னுரிமை பெற அது உதவும். ஆனால் அந்த வரிசை வரை போய்ச் சேர வேண்டுமே! நான் இந்தக் கரையோரத்தில் ஏறிய எந்தப் பஸ்ஸிலும் அது கட்டணத்தைக் குறைத்ததைக் கண்டதில்லை.

பேத்தியின் புத்தகப்பையில் இ.போ.ச. சீசன் டிக்கட் இருந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் மட்டும் செல்லும் சீசன். அன்று பள்ளியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கடல்கடந்த இடங்களில் இதை வெவ்வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். சென்னையில் 2016இலிருந்து 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பஸ்களில் மாதம் 10 பயணங்களுக்கு இலவச டோக்கன் உண்டு. வெளியூர் பஸ்ஸில் அது செல்லாது. வேல்சில் 2002இலும் ஸ்கொட்லாந்தில் 2006இலும் முதியோருக்கு இலவசப் பஸ் பயணம் வந்தது. இங்கிலாந்தில் 2008 ஏப்ரலில் ஒரே அட்டையை நாட்டின் எந்த ஊர் உள்ளூர்ப் பஸ்ஸிலும் காட்டலாம் என்றாக்கினார்கள். அதற்கு முன் அவரவர் உள்ளூராட்சி எல்லைக்குள்தான் அந்த உரிமை. அந்த அட்டைக்கும் ஸ்கொட்லாந்து எல்லையில் மதிப்பில்லை.

எல்லை பற்றிய பேச்சு எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையானோர் இந்த மாவட்டத்தில்தான் தங்கினார்கள். இன்று பல வீடுகளில் ஒரு மகன் முசலியில், ஒரு மகள் ஆலங்குடாவில். மூத்தவர்கள் இரண்டு இடத்துக்கும் போய்வருகிறார்கள். அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்குப் போகும் நீண்ட பயணம் அது. இவர்களுக்கு ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் செல்லும் சலுகை என்ன செய்யும்? சிவப்பு பஸ்ஸில் மட்டும் என்றாலும், தனியார் பஸ் இரண்டை விட்டுவிட்டு வெயிலில் காத்து நிற்க வேண்டும்.

உடப்பிலும் இதே கதைதான். கரைவலைக் குடும்பத்து ஆச்சி ஒருவர், பத்துளுஓயாச் சந்திக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துத்தான் சிலாபத்துக்குப் போகிறார். என் அபிப்பிராயத்தில், சலுகை தந்தால் கூட வருபவருக்கும் சேர்த்தே தர வேண்டும். துணையில்லாமல் ஏற முடியாதவருக்குப் பாதிச் சலுகை சலுகையல்ல.

புத்தளத்தில் இறங்கும்போது உம்மாவிடம் மாதாமாதம் வருகிறாரா என்று கேட்டேன்.

“எங்க மகள்! போக ரெண்டு, வர ரெண்டு, நாலு டிக்கட். ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்தான் வாறன். மருந்த ஒருநாள் விட்டு ஒருநாள் குடிச்சா ரெண்டு மாசத்துக்குக் காணும்.”

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, பேத்தியின் தோளைப் பிடித்தபடி வைத்தியசாலைப் பக்கம் நடந்தார்.