நீளக் குழல் மேல் ஒரு சபலம்

சனிக்கிழமை காலை, ரேஞ்ச். மேஜையில் இரண்டு ஏர் பிஸ்டல்; ஒன்றைத்தான் வாங்க வேண்டும். ஒன்று முழு நீளம், மற்றது அதே கம்பெனியின் குட்டைக் குழல். கண் நீளத்தின் மேலேயே போய் நிற்கிறது. திருவிழாவில் பலூன் சுடக் கொடுத்த துப்பாக்கியும் நீளம்தான்; எனக்கு ஒரு பலூன்கூட உடைந்ததில்லை.

*

கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 33 செ.மீ. இருந்து, முன் சைட் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் இருக்கும் அட்டையில் 30 மி.மீ. தள்ளிப் படும். நடுவில் விழ வேண்டியது 7-க்குப் போய்விடும். இடைவெளி 25 செ.மீ. ஆனால் 40 மி.மீ.; அது 6. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான்.

ஆக, நீளத்தில் விஷயம் இருக்கிறது. ஆனால் அது சைட் இடைவெளி செய்யும் வேலை. பெயர் மட்டும் குழலுக்கு.

*

நீளக் குழலில் 20 ஷாட் வரை ராஜா. அதற்கப்புறம் மூக்கு தொங்க ஆரம்பித்தது. போட்டியில் 60 ஷாட், 75 நிமிடம். எனக்குப் போட்டி ஆசை இல்லை, சும்மா சுடத்தான். ஆனாலும் தோள்பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

*

கோச் சொன்ன சோதனை: “கண்ண மூடிட்டுக் கைய தூக்குங்க சார். இப்ப திறங்க.”

திறந்தேன். நீளக் குழலின் முன் சைட், பின் சைட் பள்ளத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை ஒடித்து நேராக்கப் போனேன். “கைய விடுங்க, கிரிப்ப மாத்துங்க” என்றார். குட்டைக் குழலின் கிரிப் மீடியம். அதில் முன் சைட் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. நீளக் குழலுக்கு கிரிப் மரத்தை இழைக்க வேண்டும், உள்ளங்கைப் பக்கம் புட்டி வைக்க வேண்டும். போன வருஷம் லார்ஜ் கிரிப் வாங்கி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் கட்டைவிரல் மேடையையே காணாமல் அடித்தவன் நான்.

*

நிஜமான நீளக் குழல் மோகத்துக்கு 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல்தான். கையையே மூடிக்கொள்ளும் மரம், மூச்சுப் பட்டால் விழும் ட்ரிகர். ஜிது ராய் 2014 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது அதில்தான். 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். அநியாயம். ஆனால் அது .22 தோட்டா, லைசென்ஸ் கேட்கும். ஏர் பிஸ்டலுக்கு 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை. போட்டிக்கானது 42 செ.மீ. பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும் என்பதால் நம் சபலத்துக்கு விதியே ஒரு வேலி.

*

ஸ்பேர் எங்கே கிடைக்கும், ரிப்பேர் யார் பார்ப்பார்? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டோக்கியோவில் மனு பாக்கருக்கே தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி நேரம் போனது. பாரிஸில் வெண்கலம் வாங்கும்வரை மூன்று வருஷம் அந்தக் கதையைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

*

குட்டைக் குழலையே எடுக்கலாம் என்று முடிவு. செகண்ட் ஹேண்ட். “புதுசு மாதிரி சார்” என்கிறார் விற்பவர். சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினேன். பொடி எழுத்தில் 2017. உள்ளே 200 பார் அழுத்தம் தாங்குகிற சாமான், ஆயுள் பத்து வருஷம். புதுச் சிலிண்டர் காசைக் கழித்துக்கொண்டு விலை சொல்லச் சொல்லியிருக்கிறேன். இன்னும் போன் வரவில்லை.