தாஜ் விடுதி திரும்பி நிற்கிறதா?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் தமிழர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அப்போலோ பந்தருக்கு அழைத்துச் செல்லாமல் அனுப்புவதில்லை. கேட்வே ஆஃப் இந்தியாவின் முன் படம் எடுத்தானதும், எதிரே நிற்கும் தாஜ் மகால் பேலஸைக் காட்டி ஒரு கதை சொல்லப்படும்: வரைபடம் தந்த வெள்ளைக்காரர் சீமைக்குப் போய்த் திரும்புவதற்குள் கட்டடத்தை முன்பின்னாக மாற்றிக் கட்டிவிட்டார்களாம், அதைக் கண்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டாராம். உள்ளே சென்று காப்பி குடிக்கும் எண்ணம் பெரும்பாலும் எவருக்கும் எழுவதில்லை. (மாட்டுங்காவின் உடுப்பிக் கடைகளில் உண்டு வளர்ந்தவர்க்கு ஓட்டல் என்பதன் பொருளே வேறு.) வந்தவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்வது அந்தக் கதையைத்தான்.

கதை பொய். அது எவரை மறைக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்காக அவ்விடுதியை வடிவமைத்தவர்கள் சீதாராம் காண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா என்னும் இந்தியர் இருவர். வைத்யா, விக்டோரியா டெர்மினஸைப் படைத்த எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸுடன் பணியாற்றியவர், செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் ரயிலேறி வரும் உறவினர் இறங்குவது அந்த நிலையத்தில்தான். பணி நிறைவுறும் முன்பே அவர் மறைந்தார். எஞ்சிய வேலையை முடித்த டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் மட்டுமே ஆங்கிலேயர். கதையோ இந்தியரை வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த கொத்தனார்களாக்கி, கலையை வெள்ளையர்க்குக் கொடுத்துவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைப் பொறித்து வைத்த மரபினரும் இதை ஐயமின்றிச் சொல்லி மகிழ்வது விந்தையே.

முன் எது, பின் எது என்பதற்குக் காலமே விடை கூறுகிறது. விடுதி திறக்கப்பட்டது 1903 டிசம்பர் 16 அன்று. கேட்வே திறக்கப்பட்டதோ 1924-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கடற்கரையில் அவ்வளைவு இல்லை. குதிரை வண்டிகள் வந்தது நகரத்தின் பக்கமிருந்து. ஆகவே 'ப' எழுத்தைப் போன்ற கட்டடத்தின் திறந்த பக்கம் மேற்கே நகரை நோக்க, நீண்ட முகப்பின் அறைகள் கடலைப் பெற்றன. விருந்தினர் எதைக் காண விரும்புவர் என்பதை அறிந்தவர் செய்த வேலை அது.

உள்ளே, நடுக் குவிமாடத்தின் கீழ், சொராப்ஜி கான்ட்ராக்டர் என்னும் பார்சிப் பொறியாளர் அமைத்த மாடிப்படி இருக்கிறது. படிக்கட்டின் நடுவே அதைத் தாங்கும் தூண் ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியின் ஒரு முனை சுவருக்குள் புதைந்திருக்க, மறுமுனை வெளியில் நீண்டு நிற்கிறது. சுவரின் எடையே படியை அழுத்திப் பிடிக்கிறது. தளந்தோறும் சுற்றி ஓடும் நடைமாடங்களிலிருந்து குனிந்தால் கீழ்த்தளம் வரை வெறும் வெளிதான். ஜெர்மானிய மின்தூக்கியும் அமெரிக்க மின்விசிறியும் துருக்கிக் குளியலறையும் அன்றைய பம்பாய்க்கு வியப்பூட்டியிருக்கலாம். அவை விலைக்கு வந்தவை. படிக்கட்டு அப்படியன்று.

2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய தாக்குதலில் அந்தக் குவிமாடத்தின் அருகே தீ எழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. பழுதுபார்க்கப்பட்ட பழைய பகுதி 2010 ஆகஸ்ட் 15 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. 2017-இல் அதன் உருவமே வணிகக்குறியாகப் பதிவாயிற்று. இந்தியாவில் ஒரு கட்டடத்துக்கு அது முதன்முறை. இன்று வாயில் கடற்பக்கம். வண்டிகள் வந்து நின்ற பழைய முற்றத்தில் நீச்சல் குளம் இருக்கிறது.